பினரப் பூவுக்கு வெட்டிய யன்னல்

பினர விதைப் பைக்கற்றின் பின்பக்கத்தில் இப்போது ஒரு வரி அச்சடித்திருக்கிறார்கள்: ‘விதையை மண்ணால் மூட வேண்டாம்.’ குண்டசாலையில் நான் முப்பத்தொரு வருடம் வேலை செய்த நேசரிக்கு, அதுதான் நாற்றுப் பண்ணைக்கு, சென்ற மாதம் போயிருந்தபோது அந்தப் பைக்கற்றைக் கையில் தந்தார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன். நாலே சொல். அந்த நாலு சொல்லுக்காக நாங்கள் இரண்டு மழைக்காலத்தையும், ஓர் உறை விதையில் முக்கால்வாசியையும் கொடுத்திருந்தோம்.

இப்போது அங்கே பொறுப்பாக இருப்பவர் கவிதா என்ற பிள்ளை. படித்தவர், மரியாதை தெரிந்தவர். என்னை உட்கார வைத்துத் தேநீர் தந்துவிட்டு, முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற ‘நானா’ முறை வைத்துச் சொன்னார்:

“நானா, புதுசா வலை வீடு ஒன்னு கட்டப் போறோம். இரட்டைக் கதவு. ஒரு எறும்புகூட உள்ளே போகாது. பினரப் பாத்தியையும் அதுக்குள்ள கொண்டுபோயிடலாம்னு இருக்கோம். நீங்கதானே முதல்ல வளர்த்தது? எப்படி வளர்த்தீங்கன்னு எழுதித் தாங்களேன்.”

எறும்புகூடப் போகாத வீடு பினரவுக்கு ஆகாது. வாயால் விளக்க வரவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். படித்த பிள்ளைக்கு முன்னால் சொல் முந்திப் பிந்தி வந்துவிடும். அதனால் “எழுதித் தாறன் மகள்” என்று சொல்லிவிட்டு வந்தேன். பிஸ்மில்லாஹ் சொல்லி இந்தக் கொப்பியைத் திறந்திருக்கிறேன். அல்லாஹ் நினைவைச் சரியாகத் தரட்டும்.

என் ஊர் மடவளை. வாப்பாவுக்குச் சிறிய பலசரக்குக் கடை இருந்தது. எனக்குக் கடையில் உட்காரப் பொறுமை இருக்கவில்லை. இருபத்திரண்டு வயதில் நேசரியில் மண் சுமக்கச் சேர்ந்தேன். முதல் மூன்று வருடம் மண் அரிப்பதும் சாணம் கலப்பதும்தான். பிறகு ரோஜாவுக்கு ஒட்டுக் கட்டவும், அந்தூரியம் பிரித்து நடவும் பழகினேன். அதில் எழுத ஒன்றுமில்லை. கையோடு வந்த வேலை. எழுத வேண்டியது பரமேஸ்வரி மிஸ் வந்த பிறகு நடந்ததுதான்.

மிஸ் யாழ்ப்பாணத்தவர். அரசாங்க விவசாய வேலையில் இருந்து ஓய்வு பெற்று, எங்கள் நேசரியைப் பார்த்துக்கொள்ள வந்தார். நெற்றியில் திருநீறு, கழுத்தில் கறுப்பு நூலில் தொங்கும் கண்ணாடி, சேலைத் தலைப்பில் எப்போதும் ஒரு பென்சில். பெயர்ப் பலகை எல்லாம் பென்சிலால்தான் எழுதுவார். பேனா எழுத்து ஒரு மழைக்கு ஓடிவிடும், பென்சில் நிற்கும் என்பார். யாரையும் சத்தமாக ஏசிக் கேட்டதில்லை. பிழை விட்டால் கண்ணாடியைக் கழற்றி, சேலையால் துடைத்து, மறுபடி போட்டு, “திருப்பிச் செய்து காட்டுங்கோ” என்பார். அவர் கண்ணாடி துடைக்கிற அந்த அரை நிமிடம் இருக்கிறதே, ஏச்சு வாங்குவது அதைவிட லேசு. ஒரு தரம் நான் நாற்றுத் தட்டுக்குப் பெயர் எழுத மறந்துவிட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்த துடைப்பில் எனக்கு வியர்த்தது. அதற்குப் பிறகு, என் வீட்டுச் சமையலறைப் போத்தல்களுக்குக்கூட நான் பெயர் ஒட்டினேன். மனைவி சிரித்தாள்.

எங்களோடு வேலை செய்த இன்னொருவர் சோமா அக்கா. சிங்களப் பெண். அன்பானவர், வாய் மட்டும் சும்மா இருக்காது. அவருடைய ஊருக்குப் பின்னால் ஒரு புல்மலை இருந்தது. செப்டம்பர் மாதம் வந்தால் அந்த மலை முழுக்க ஊதா நிறத்தில் பினர பூக்கும். தமிழில் அதற்கு என்ன பெயரோ, எங்களுக்குத் தெரியாது. எல்லோரும் பினர என்றே சொல்வோம். சோமா அக்கா சின்ன வயதில் போயா என்கிற பௌர்ணமி நாளுக்கு அந்தப் பூவைப் பறித்துப் பன்சலையில் புத்தருக்கு வைத்தவர்.

ஒரு நாள் காலை அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். மலையை வீட்டுத் துண்டுகளாகப் பிரித்துவிட்டார்களாம். மெஷின் ஏறிவிட்டதாம்.

“பூ எல்லாம் மண்ணுக்கு அடியில போறது மிஸ்,” என்றார்.

மிஸ் அன்றைக்கே பஸ் ஏறினார். சோமா அக்கா வழிகாட்ட, வெட்டாமல் மிஞ்சியிருந்த ஒரு மூலையில் காய்ந்த காய்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். ஒரு கடித உறை. அதற்குள் மூக்குப்பொடி போல மண்ணிறத் தூள். அதுதான் விதை. அடுத்த வாரம் அந்த மூலையும் போய்விட்டது.

முதலாளியிடம் மிஸ் அனுமதி கேட்ட விதம் எனக்கு நல்ல ஞாபகம். காட்டுப் பூ என்று சொன்னால் அவர் கேட்கமாட்டார் என்று தெரியும். அந்த நாளில் உலர்ந்த பூ ஒட்டிய வாழ்த்து அட்டைகளுக்குக் கண்டியில் நல்ல கிராக்கி. “இந்தப் பூவைக் காய வைச்சால் அட்டைக்கு நல்லாயிருக்கும். காய்க் கொத்தும் சாடியில வைக்கலாம். விதையில இருந்து நாங்களே வளர்த்தால் ஒருத்தரும் மலையில போய்ப் பிடுங்கத் தேவையில்லை,” என்றார். முதலாளி தலையாட்டினார்.

இனி விதைத்த விதம். மிஸ் தூளை உலர்ந்த நைஸ் மணலோடு கலந்தார், விதை ஒரே இடத்தில் குவியாமல் இருக்க. ஒரு தாளை நடுவில் மடித்து, அந்த மடிப்பில் கலவையை இட்டு, தட்டின் மேல் சாய்த்துப் பிடித்து, சுட்டுவிரலால் தாளைத் தட்டத் தட்ட அது கோடாக விழும். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். எனக்கும் சோமா அக்காவுக்கும் வாயில் கைக்குட்டை.

“ஹமீது, தும்மல் வந்தால் வெளியில போய்த் தும்முங்கோ. ஒரு தும்மலுக்கு ஒரு பாத்தி போயிடும்.”

சோமா அக்காவுக்கு அந்த நேரம் பார்த்துத்தான் சிரிப்பு வரும்.

மேலே இருந்து தண்ணீர் ஊற்றினால் விதை அடித்துக்கொண்டு போகும். அதனால் தட்டைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, அடியில் இருந்து ஈரம் ஏற விட்டோம். எல்லாம் சரி. ஆனால் கடைசியில் ஒன்று செய்தோம். எந்த விதைக்கும் செய்வதுபோல, அரித்த தென்னந்தும்புத் தூளைத் தீக்குச்சித் தலை அளவுக்கு மேலே தூவி மூடினோம். எங்கள் நேசரியில் விதைத்துவிட்டு மூடாமல் விடுவது என்ற பேச்சே இல்லை. மிஸ்ஸும் அப்படித்தான் படித்தவர், நானும் அப்படித்தான் பழகியவன்.

ஆறு வாரம் பார்த்தோம். ஒன்றும் முளைக்கவில்லை. அடுத்த மழைக்கு மறுபடி போட்டோம். இந்த முறை இன்னும் கவனமாக, இன்னும் நன்றாக மூடி. அதுவும் இல்லை. உறையில் விதை கால்வாசிதான் மிஞ்சியது.

ஒரு வெள்ளிக்கிழமை மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“உயிர் இல்லாத விதை போல. தட்டுகளைக் கொட்டிவிடுங்கோ ஹமீது.”

கொட்டுவது என்றால் மண்ணைக் குழியில் போட்டு, தட்டைக் கழுவி அடுக்க வேண்டும். எனக்கு ஜும்மாத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. பஸ் பிடித்து மடவளைக்குப் போக வேண்டும். தட்டுகளை வடிகால் ஓரத்தில் சும்மா கவிழ்த்துவிட்டு, வந்து கழுவலாம் என்று ஓடினேன். திங்கட்கிழமை வேறு வேலை வந்தது. மறந்துவிட்டேன். என் வேலைக் காலத்தில் நான் விட்ட பெரிய சோம்பல் அது. படைத்த றப்பு அதையும் வீணாக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து மிஸ் கண்ணில் படுமுன் அந்தக் குப்பையை வாரிவிட மண்வெட்டியோடு போனேன். கொட்டிய மண் உடைந்து கட்டி கட்டியாகக் கிடந்தது. உடைந்த முகங்களில் பச்சையாக ஏதோ படர்ந்திருந்தது. பாசி என்று நினைத்து மண்வெட்டியை ஓங்கினேன். குனிந்து பார்த்தபோது பாசிக்கு இரண்டு இரண்டாக இலை இருந்தது. மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.

“மிஸ், கொஞ்சம் வாங்க. பாசி மாதிரி இரிக்கி, பாசியில்ல.”

மிஸ் பூதக்கண்ணாடியோடு வந்து வடிகால் ஓரத்தில் அந்த ஈர மண்ணில் முழங்கால் ஊன்றி உட்கார்ந்தார். ஒவ்வொரு கட்டியாகத் திருப்பிப் பார்த்தார்.

“ஹமீது, தட்டைக் கழுவேல்லையோ?”

“இல்ல மிஸ். ஜும்மாவுக்கு நேரமாகிட்டு. மறந்துட்டன்.”

“நல்ல காலம் மறந்தீங்கள்,” என்றார். “விதைக்கு உயிர் இருந்திருக்கு. நாங்கள்தான் இருட்டில போட்டு வைச்சிருந்தம். அதுக்கு வெளிச்சம் வேணும்.”

எழுந்தபோது சேலை முழுக்கச் சேறு. நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

தென்னை ஈர்க்கின் நுனியைச் சீவி, அந்த நாற்றுகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தோம். ஒரு நாற்று என் நகத்தின் பாதி. பிழைத்துப் பாத்திக்கு வந்தது பத்தொன்பது. உறையில் மிஞ்சியதை மூடாமல் விதைத்தோம். ஆனால் ஈர மண்ணில் கிடந்த விதைபோல இல்லாமல், உறைக்குள் காய்ந்த விதை செத்துப்போயிருந்தது, ஒன்றுகூட வரவில்லை. ஆக, சோமா அக்காவின் மலையில் மிச்சம் அந்தப் பத்தொன்பது செடிதான்.

முதல் வருடம் அது பூக்கவே இல்லை. தரையோடு தரையாக இலை மட்டும். முதலாளி வந்து பார்த்தார்.

“என்னம்மா இது, கீரையா வளர்க்கிறீங்க?”

“அதுக்கு ரெண்டு வருசம் வேணும் முதலாளி. ஒரு வருசம் இலை, மற்ற வருசம் பூ. பூத்துக் காய்ச்சால் செடி செத்துப்போகும்.”

“செத்துப்போற செடிக்கா ரெண்டு வருஷம்?” என்று சிரித்துக்கொண்டே போனார்.

மிஸ் சொன்னதன் கனம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. பத்தொன்பதும் ஒரே வயது. அடுத்த செப்டம்பரில் எல்லாம் ஒன்றாகப் பூத்து ஒன்றாகச் சாகும். அதற்குள் விதை வைத்தால் உண்டு. இல்லாவிட்டால் அந்த மலை முடிந்தது.

அதனால்தான் அவற்றைக் கண் போலக் காத்தோம். வலை வீட்டுக்குள், நல்ல மண்ணில் நட்டிருந்தோம். பூச்சி வலை நாலு பக்கமும் தரைவரை இறங்கி, மண்ணுக்குள் புதைந்திருக்கும். அதே வீட்டில்தான் விற்பனைக்கான மிளகாய், கோவா என்கிற முட்டைக்கோஸ் நாற்றெல்லாம். வலையில் விரல் நுழைகிற ஓட்டை விழுந்தாலும் அன்றைக்கே தைக்க வேண்டும். அது மிஸ் போட்ட சட்டம். ஒரு வருடம் புழு புகுந்து நாற்றையெல்லாம் அழித்தபிறகு போட்டது.

செப்டம்பரில் பூ வந்தது. ஊதா இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தக் குழல்கள், சின்ன வாழைப்பழச் சீப்பு மாதிரி. சோமா அக்கா வலைக்குள் வந்து நின்று அழுதார். அட்டை செய்கிறவர்களும் வந்து கேட்டார்கள். “இந்த வருசம் ஒரு பூவும் வெட்டுறேல்லை,” என்று மிஸ் அனுப்பிவிட்டார்.

பிறகுதான் வந்தது கஷ்டம். பூ விரியும், நாலைந்து நாள் இருக்கும், வாடும், காம்போடு விழும். காய் இல்லை. முதல் வாரம் முழுக்க விழுந்த பூவைக் கூட்டி அள்ளினேன். ஒரு காய்கூட இல்லை. மிஸ் சித்திரம் வரைகிற தூரிகை ஒன்றை வாங்கி வந்து, ஒவ்வொரு பூவாகத் தடவினார். மகரந்தம் வரவில்லை. அந்த மஞ்சள் குழலின் நுனியில் ஊசிக் கண் மாதிரி ஒரு துவாரம்தான் இருக்கிறது. தூள் உள்ளேயே அடைபட்டிருந்தது. தடவினால் வராது.

வீட்டில் விடியற்காலைச் சுபஹ் தொழுதுவிட்டு நான் கையேந்தி அதிக நேரம் இருப்பதை மனைவி கவனித்திருக்கிறாள்.

“என்னங்க, பூவுக்கும் துஆ கேக்குறீங்களா?”

“பூவுக்கில்ல. விதைக்கி,” என்றேன். அவள் சிரிக்கவில்லை. அடுத்த நாளில் இருந்து அவளும் கேட்டாள் என்று பிறகு சொன்னாள்.

இரண்டாவது வாரம், ஒரு காலை. வெயில் அப்போதுதான் கிழக்குப் பக்க வலையில் ஏறியிருந்தது. சோமா அக்கா வெளியே விளக்குமாறோடு நின்று வலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“நானா, இங்க வந்து பாருங்க. மாப்புள்ள வந்து கதவு தட்டுறது, நீங்க தொறக்கிறது இல்ல. இது என்ன பொண்ணு வீடு?”

போய்ப் பார்த்தேன். பெரிய கருவண்டு ஒன்று வலையில் மோதி விழுந்து, மறுபடி எழுந்து மோதிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி, வயிற்றில் நீலக் கோடு போட்ட தேனீக்கள் நாலைந்து. எல்லாம் பினரப் பாத்தி இருந்த பக்கம் மட்டும்.

“மூணு நாளா வாறது. நான் விளக்குமாறால விரட்டினது,” என்றார் அவர். பிறகு குரல் இறங்கியது. “மலையில பூக்குள்ள போய் இதுதான் சத்தம் போடுறது. கைய வச்சா பூ நடுங்கும்.”

நான் மிஸ்ஸைத் தேடிப் போனேன். வண்டு பூவுக்குள் வந்து நடுக்கினால்தான் தூள் வரும் என்பதை மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன். செடியைப் பெயர்த்து வெளியே கொண்டு போகவும் வழியில்லை, பூத்து நிற்கிற செடி வேர் அசைந்தால் போய்விடும். வலையைத்தான் வெட்ட வேண்டும்.

மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். போட்டார். திரும்பக் கழற்றினார்.

“வலையை வெட்டினால் புழு வரும். நாற்றெல்லாம் போகும். வெட்டாட்டி விதை வராது. எது பெரிசு ஹமீது?”

அப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

“நாத்த நாளைக்கும் போடலாம் மிஸ். இத போடேலா. புழுவ நான் கையால பொறுக்குறன்.”

அவர் மேசை லாச்சியில் இருந்து கத்தரிக்கோலை எடுத்தார். என்னிடம் தருவார் என்று கை நீட்டினேன். தரவில்லை. தானே வந்து, கிழக்குப் பக்கத்தில், தன் முழங்கை நீளத்துக்கு அகலமும் உயரமுமாக வலையை வெட்டினார். வெட்டிய ஓரம் மேலும் கிழியாமல் இருக்க, அங்கேயே நின்று, நீல நூலால் மடித்துத் தைத்தார். ஒரு யன்னல் மாதிரி.

அடுத்த நாள் காலை அந்தச் சத்தத்தைக் கேட்டேன். கருவண்டு பூவின் மேல் இறங்கி, மஞ்சள் குழல்களைக் காலால் அணைத்துப் பிடித்து, இறக்கையை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிர வைத்தது. குழலின் நுனியில் இருந்து தூள் புகைபோல வந்து அதன் வயிற்றில் ஒட்டியது. தூரிகையால் முடியாததை அது ஒரு முனகலில் செய்துவிட்டது. மிஸ் என் பக்கத்தில் நின்றார். “முருகா,” என்றார் மெதுவாக. நான் சுப்ஹானல்லாஹ் சொன்னேன். இரண்டு பேரும் ஒன்றைத்தான் சொன்னோம்.

புழுவும் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். காலையும் மாலையும் பொறுக்கினேன். ஆனாலும் கோவா நாற்றில் பாதிக்கு மேல் போய்விட்டது. முதலாளி வந்தார். முகம் சிவந்திருந்தது.

“யாரு வலையை வெட்டினது?”

சொன்னது நான்தான் என்று வாய் திறக்குமுன் மிஸ் சொன்னார்: “நான்தான் வெட்டினனான். பிழை எண்டால் என்னோட கதையுங்கோ.” பிறகு அவரைப் பாத்திக்குக் கூட்டிப் போய், இலைக்கு நடுவில் பச்சை மிளகளவு திரண்டிருந்த காய்களைக் காட்டினார். முதலாளி குனிந்து பார்த்தார். அடுத்த வருடம் நாற்றுக்குத் தனியாக ஒரு வலை வீடு போட்டுக் கொடுத்தார்.

பத்தொன்பதில் பதினான்கு செடி விதை வைத்தது. காய் பழுப்பானதும் கொத்தோடு வெட்டி, கடதாசிப் பைக்குள் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டோம். விதை பைக்குள் உதிர்ந்தது, காய்ந்த கொத்து சாடிக்குப் போனது. அந்த வருடம் எழுதிய சட்டம் இன்றைக்கும் நேசரிச் சுவரில் பென்சிலில் இருக்கிறது. ஒன்று, ஒவ்வொரு வருடமும் தவறாமல் விதைக்க வேண்டும். இலை வருடத்துச் செடியும் பூ வருடத்துச் செடியும் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும், எல்லா உயிரும் ஒரே வயதில் நிற்கக் கூடாது. மற்றது, உலர்த்த ஒரு வரிசை வெட்டினால் வண்டுக்கும் விதைக்கும் இரண்டு வரிசை விட வேண்டும். வெட்டும் பூவைப் பத்திரிகைத் தாளுக்கு நடுவில் முகம் மேலே பார்க்க விரித்து, பலகையும் செங்கல்லும் ஏற்றி, தாளை நாளுக்கு நாள் மாற்ற வேண்டும். ஒரு நாள் விட்டாலும் ஊதா மண்ணிறமாகிவிடும்.

மிஸ் அதற்கடுத்த வருடம் ஊருக்குத் திரும்பிவிட்டார். போகும்போது விதையில் ஒரு பங்கைச் சோமா அக்காவின் கையில் கொடுத்தார். அக்கா அதைத் தன் ஊர்ப் பன்சலைக்கு ஏறும் படிக்கட்டு ஓரத்துச் சரிவில், மண்ணைக் கீறி, மூடாமல் தூவினார். இப்போது அங்கே வருடா வருடம் பூக்கிறது. செப்டம்பரில் நான் அங்கே போய் அடிப் படியில் நிற்பதுண்டு. தொப்பியோடு வந்து பூ பார்க்கிற நானாவை அங்குள்ள பிக்கு ஹாமதுருவுக்கும் பழகிவிட்டது.

இவ்வளவையும் எழுதி, போன செவ்வாய்க்கிழமை கவிதாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். புது வலை வீட்டுக்குக் கம்பிகள் நட்டிருந்தார்கள். வலை விரிக்கிற ஆட்கள் ஏணியில் நின்றார்கள். பிள்ளை நின்றபடியே கடைசித் தாள்வரை வாசித்தார். வாசித்து முடித்து, பழைய வலை வீட்டுக்குப் போய், நீல நூல் தையலைத் தடவிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் மற்ற இடமெல்லாம் கிழிந்து மாற்றிவிட்டார்கள். அந்த ஓரம் மட்டும் கிழியவில்லை.

“இதை ஏதோ கிழிசல்னு நெனச்சு, தைக்கச் சொல்லியிருந்தேன் நானா,” என்றார்.

பிறகு ஏணியில் நின்றவரைக் கூப்பிட்டார்.

“அண்ணே, கிழக்குப் பக்கம், பினரப் பாத்திக்கு நேரா ஒரு ஜன்னல் விடுங்க. நாத்து மேசைக்கு நடுவுல தனித் தடுப்பு போட்டுக்கலாம்.”

“ஜன்னலா? அப்ப எதுக்கும்மா இரட்டைக் கதவு?”

“அது நம்ம போக வர. இது விருந்தாளிக்கு.”

“எவ்வளவு அகலம்?”

கவிதா என்னைப் பார்த்தார். நான் சட்டைக் கையை மடித்து, முழங்கையைக் கம்பியோடு சேர்த்து வைத்துக் காட்டினேன். மிஸ்ஸின் கை என் கையைவிடக் குட்டைதான். கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.